ஹைட்ரேஞ்சியா: காட்டுச் செடியும் தோட்டச் செடியும்

உதகமண்டலம், கோடைக்கானல், டார்ஜிலிங் முதலிய மலை நகரங்களுக்குச் சென்று வந்தோர் ஹைட்ரேஞ்சியாவைக் காணாதிருந்திருக்க இயலாது. நீலமாகவும் ரோஜா நிறமாகவும் பந்து பந்தாகப் பூத்து நிற்கும் அச்செடி ஜப்பானைத் தாயகமாகக் கொண்டது. மண் புளிப்புத் தன்மை உடையதாயின் அதன் பூ நீலமாகும். சுண்ணாம்புச் சத்து மிக்கதாயின் சிவக்கும். இதனை ஆசிரியர் பலரும் வகுப்பில் எடுத்துரைப்பதுண்டு. ஆனால், அதே பேரினத்தைச் சேர்ந்ததும், மண்ணுக்கேற்ப நிறம் மாறாததுமான அமெரிக்கச் செடி ஒன்று உண்டு. காட்டில் வளர்வது தாழ்ந்தது, தோட்டத்தில் வளர்வது உயர்ந்தது என்று நம் பாடநூல்கள் அறிந்தோ அறியாமலோ ஊட்டிவிடும் எண்ணத்தைத் திருத்துவதற்கு அச்செடியின் வரலாறு மிகவும் ஏற்றது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில், நியூயார்க் மாநிலம் தொடங்கித் தெற்கே புளோரிடாவின் வடமேற்கு மூலை வரையிலும், மேற்கே ஓக்லஹோமா வரையிலும் இச்செடி இயற்கையாக வளர்கிறது. அப்பலாச்சிய மலைச் சரிவுகளிலும், ஓடைக் கரைகளிலும், ஈரம் கசியும் பாறை இடுக்குகளிலும், பெருமரங்களின் நிழலில் மூன்று முதல் ஐந்து அடி உயரத்துக்குப் புதராகப் படர்ந்திருக்கும். தாவர நூலார் இதனை ஹைட்ரேஞ்சியா ஆர்போரெசென்ஸ் என்பர். இலையின் அடிப்புறம் பெரும்பாலும் மயிரற்றிருப்பதால், வழுவழுப்பு ஹைட்ரேஞ்சியா என்பது ஆங்கிலத்தில் வழங்கும் பெயரின் பொருள். பட்டை அடுக்கடுக்காக உரிந்து, ஒவ்வோர் அடுக்கும் வெவ்வேறு நிறம் காட்டுவதால், 'ஏழுபட்டை' என்றும் நாட்டுப்புற மக்கள் அழைத்தனர். செரோக்கி மக்கள் இதன் வேரையும் பட்டையையும் மருந்தாகக் கொண்டனர். 1736-ஆம் ஆண்டிலேயே இது இங்கிலாந்தின் தோட்டங்களை எட்டியது. ஹைட்ரேஞ்சியா என்பது நீரையும் கலத்தையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு. செடிக்கு நீர் மிகுதியாக வேண்டும் என்பதனால் வந்த பெயர் என்று பலர் கருதுவது பிழை. அதன் சிறு கனி நீர்ச்சாடி போன்ற வடிவுடையது என்பதே காரணம்.

காட்டுச் செடியின் பூங்கொத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தட்டையான கொத்தின் நடுவில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் நெருங்கியிருக்கும். மகரந்தமும் தேனும் விதையாகும் சூலும் இவற்றிடமே உள்ளன. கொத்தின் ஓரத்தில் மட்டும், ஒரு சில பெரிய வெண்பூக்கள் நீண்ட காம்புகளில் நிற்கும். சில செடிகளில் அவையும் இரா. இப்பெரும் பூக்களில் இதழ் போலத் தோன்றுவன அல்லி இதழ்கள் அல்ல. பருத்து வெளுத்த புல்லி இதழ்களே. இவை விதை தருவதில்லை. பூச்சிகளுக்குத் தொலைவிலிருந்தே வழி காட்டுவதே இவற்றின் தொழில். தமிழில் இவற்றை 'மலட்டுப் பூக்கள்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அச்சொல் இல்லாததைச் சொல்லி, உள்ள தொழிலை மறைத்துவிடுகிறது. 'அழைப்புப் பூக்கள்' என்பதே பொருத்தமானது. அழைப்பு ஓரத்தில், விருந்து நடுவில் என்பதே இக்கொத்தின் அமைப்பு.

இயற்கையில் எப்போதேனும் இவ்வமைப்பு பிறழ்வதுண்டு. கொத்திலுள்ள பூக்கள் ஏறக்குறைய அனைத்தும் அழைப்புப் பூக்களாகவே அமைந்து, கொத்து பந்து போலாகிவிடும். அத்தகைய செடி ஒன்றை 1910-ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்தின் தென்பகுதியில், அன்னா என்னும் சிற்றூரின் அருகேயுள்ள காட்டில், ஹாரியட் கிர்க்பாட்ரிக் என்ற அம்மையார் கண்டார். அவர் குடும்பத்தார் அதனைத் தம் வீட்டில் நட்டு, அண்டை அயலாருடன் பகிர்ந்துகொண்டனர். அரை நூற்றாண்டுக் காலம் அச்செடி வணிகரின் துணையின்றி வீட்டுக்கு வீடு கைமாறியே வாழ்ந்தது. பின்னர் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்டேனியல் அதன் மூலத்தைத் தேடிக் கண்டு, 1960-களின் தொடக்கத்தில், அன்னா ஊரின் அழகி என்று பொருள்படுமாறு 'அன்னபெல்' எனப் பெயரிட்டு வெளியிட்டார். ஓரடி அகலம் வரை பருக்கும் வெண்பந்துகளை உடைய அந்த ரகம் இன்று குளிர்நாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் காணப்படுகிறது.

இந்த ரகத்தைக் குறைகூறுவது நேர்மையாகாது. கடுங்குளிரைத் தாங்கும், அவ்வாண்டுத் தளிரிலேயே பூப்பதால், குளிர்காலக் கடைசியில் அடியோடு கவாத்து செய்தாலும் கோடையில் தவறாமல் பூக்கும். மழை பெய்தால் கொத்தின் கனம் தாங்காமல் தண்டு தரையில் சாய்வது ஒன்றே தோட்டக்காரர் கூறும் குறை. தேனீயின் குறை வேறு. வெண்பந்தை நாடி வரும் தேனீக்கு அங்கே அழைப்பு உண்டு. விருந்து மிகச் சிறிதே. டெலவேர் மாநிலத்திலுள்ள மவுண்ட் கியூபா தாவரத் தோட்டத்தில், 2017 முதல் 2021 வரை இச்செடியின் ரகங்கள் அருகருகே நட்டு ஆராயப்பட்டன. பூக்களை நாடி வந்த பூச்சிகளும் எண்ணப்பட்டன. பொதுவாக, தட்டைக் கொத்துடைய ரகங்களுக்கே பூச்சிகள் மிகுதியாக வந்தன. பந்துக் கொத்துகளுக்கு வந்தவை குறைவு. அவ்வாராய்ச்சியில் முதன்மை பெற்ற ஹாஸ் ஹேலோ என்ற ரகமும் தட்டைக் கொத்து உடையதே. அழகுக்காகப் பூச்சியைப் பட்டினியிட வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சான்று.

இவ்விடத்தில் ஒரு சொல் மயக்கம் நேர்கிறது. அயல்நாட்டுச் செடிகளைத் தவிர்த்து, 'நாட்டுச் செடி'களை நடுக என்னும் அறிவுரை இப்போது எங்கும் கேட்கப்படுகிறது. அன்னபெல்லும் அமெரிக்காவின் நாட்டுச் செடிதான். பெயர்ச் சீட்டில் அவ்வாறு எழுதுவதில் பொய் ஏதுமில்லை. எனினும், அதனை நட்டவர் அந்நாட்டுத் தேனீக்கு உணவளித்துவிட்டதாக எண்ணுவாராயின் அது பெரும்பாலும் வீண் நம்பிக்கையே. இலையை உண்ணும் பூச்சிகளின் கணக்கு வேறு. இச்செடியின் இலைகளை உணவாகக் கொள்ளும் பருந்து அந்துப்பூச்சி ஒன்று உண்டு. அதன் புழுவுக்குக் கொத்தின் வடிவம் ஒரு பொருட்டன்று. ஆகவே, செடியின் ஊர் எது என்று கேட்பதோடு நில்லாமல், அதன் எந்த உறுப்பு எவ்வுயிருக்குப் பயன்படுகிறது என்றும் கேட்டல் வேண்டும். களப்பணியாளர் மக்களுக்குச் செடி பரிந்துரைக்கும்போது இந்த இரண்டாம் கேள்வி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

இன்னொன்றும் உண்டு. உலகெங்குமுள்ள அன்னபெல் செடிகள் அனைத்தும் போத்து வைத்தும் வேர்க்கன்று பிரித்தும் பெருக்கப்பட்டவை. அதாவது, ஒரே செடியின் துண்டுகள். இலட்சம் செடி நட்டாலும் பரம்பரைக் கூறு ஒன்றுதான். காட்டிலோ செடிக்குச் செடி வேறுபாடு உண்டு. கரோலினா மலைப் பகுதியில் இலையின் அடிப்புறம் வெள்ளி போல் வெளுத்த வகை வளர்கிறது. அதனை எலிசபெத் மெக்ளின்டாக் 1957-இல் இச்செடியின் உள்ளினமாகவே வகுத்தார். பின்வந்தோர் தனி இனமாகக் கொண்டனர். காட்டில் இளஞ்சிவப்புச் சாயலுடன் சில செடிகள் கண்டெடுக்கப்பட்டதனாலேயே, வெண்மை ஒன்றையே அறிந்திருந்த இச்செடியில் சிவப்பு ரகங்களை உருவாக்க இயன்றது. அன்னபெல்லும் காட்டில் கிடைத்ததே. தோட்டக்காரர் அதனை ஆக்கவில்லை, கண்டெடுத்துக் காப்பாற்றினர். காட்டிலேயே விட்டிருந்தால் அது விதை மிகுதியின்றி, அடித்தண்டால் மட்டும் மெல்லப் பரவி, ஓர் ஓடைக்கரைப் புதராகவே நின்றிருக்கும். தோட்டம் காட்டிடம் கடன்பட்டிருக்கிறது என்பதனால் காட்டிலிருந்து செடியைப் பெயர்த்து வரலாம் என்று பொருளன்று. வேண்டிய ரகமெல்லாம் நாற்றுப்பண்ணையில் கிடைக்கும். காட்டிலிருந்து எடுப்பது ஒரு போத்தாகவோ ஒரு பிடி விதையாகவோ இருத்தல் போதும்.

நம் மலை நகரப் பள்ளிகளில் இதனைக் கற்பிக்க அமெரிக்கச் செடி தேவையில்லை. பள்ளி முற்றத்து நீலப் பந்திலிருந்து ஒரு பூவைப் பறித்து, நான்கு பெரும் இதழ்களுக்கும் நடுவே கடுகளவாய் இருக்கும் மொட்டைக் குண்டூசியால் பிரித்தால், உண்மையான அல்லி இதழ்களை மாணவர் தம் கண்ணால் காணலாம். இமயமலைக் காடுகளில் பணியாற்றுவோர்க்கு வாய்ப்பு இன்னும் மிகுதி. குமாயூன் காடுகளில் ஹைட்ரேஞ்சியா ஹெட்டிரோமல்லாவும், டார்ஜிலிங், சிக்கிம் காடுகளில் ஹைட்ரேஞ்சியா ரோபஸ்டாவும் இயற்கையாக வளர்கின்றன. இரண்டிலும் அழைப்புப் பூக்கள் ஓரத்தில்தான் உள்ளன. பூக்கும் பருவத்தில் ஒரு கொத்தில் அழைப்புப் பூக்கள் எத்தனை என்று எண்ணி, அரைமணி நேரம் அருகே அமர்ந்து, எவ்வகைப் பூச்சிகள் வந்தன, அவை கொத்தின் ஓரத்தில் நின்றனவா, நடுவில் இறங்கினவா என்று களக் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். இதற்கு ஒரு கைக்கண்ணாடியும் ஒரு பென்சிலும் போதும்.