பரணில் ஒரு சனியன்

பழைய பி.எஸ்.ஏ. சைக்கிள் எங்கேயாவது கண்ணில் பட்டால் அதன் முத்திரையைச் சற்றுக் குனிந்து பாருங்கள். மூன்று துப்பாக்கிகளைக் கூம்பு போல ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தியிருக்கும். சைக்கிளுக்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு பெயரிலேயே இருக்கிறது. பி.எஸ்.ஏ. என்றால் 'பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்'. 1861-ல் துப்பாக்கி செய்வதற்கென்றே ஏற்பட்ட கம்பெனி அது. சண்டை இல்லாத காலத்தில் ஆலை சும்மா கிடக்கலாமா? சைக்கிள் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். பிற்பாடு நம் அம்பத்தூரிலிருந்தும் அதே பெயரில் சைக்கிள் வந்தது.

இப்படி இன்னும் சில பேர் உண்டு. ரெமிங்டன் என்றதும் நமக்கு டைப்ரைட்டர் ஞாபகம் வரும். அந்த யந்திரத்தை 1870-களில் முதன்முதலாகச் செய்து விற்றது ரெமிங்டன் துப்பாக்கி ஆலைதான். பிறகுதான் இரண்டு தொழிலும் பாகப் பிரிவினை செய்துகொண்டன. க்ஷவர பிளேடுக்குப் பேர்போன வில்கின்ஸன், லண்டனில் வாள் செய்து கொண்டிருந்த கம்பெனி. அமெரிக்காவில் பிராவிடன்ஸ் டூல் கம்பெனி என்று ஒன்று இருந்தது. துருக்கி சுல்தானுக்கு ஆறு லட்சம் துப்பாக்கிகளும் அவற்றுக்கான முனைக்கத்திகளும் செய்து தருவதாக 1870-களில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. சரக்கு போயிற்று, பணம் சொன்ன தேதிக்கு வரவில்லை. கடன் கொடுத்துக் கெட்ட கதையாகிவிட்டது. கடைசியில் அந்தக் கம்பெனி எதைச் செய்து விற்றது தெரியுமா? 'ஹவுஸ்ஹோல்ட்' என்ற பெயரில் தையல் மெஷின்!

மேலே சொன்ன முனைக்கத்தியைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். துப்பாக்கியின் வாயில் மாட்டி ஈட்டி போலக் குத்துகிற கத்தி. பேயோன் என்ற பிரெஞ்சு ஊரின் பெயரால் வெள்ளைக்காரர்கள் அதைப் 'பேயனெட்' என்றார்கள். வடக்கே 'சங்கீன்'. தமிழில் 'துப்பாக்கிச் சனியன்'. பெயர் வைத்தவர் யாரோ, நல்ல அனுபவஸ்தராக இருக்க வேண்டும்.

தபால் தலை சேர்ப்பவர்கள் இருப்பது போல உலகத்தில் சனியன் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதிலும் அவர்கள் உயிரை விடுவது அயல் நாட்டு ஆர்டருக்காகச் செய்த சனியன்களுக்கு. காரணம் சுலபம். ஒரு தேசம் தன் பட்டாளத்துக்குச் செய்து கொள்வது லட்சக் கணக்கில் இருக்கும். சிறிய தேசம் ஒன்று வெளியூர் ஆலையில் சொல்லிச் செய்து கொள்வது சில ஆயிரம்தான். சயாம் தேசத்து ராஜா வஜிராவுத் 1911-ல் 'காட்டுப் புலிப் படை' என்று ஒரு தொண்டர் படை அமைத்தார். அதற்காகப் பி.எஸ்.ஏ. கம்பெனியிடம் பத்தாயிரம் துப்பாக்கிகளுக்குச் சொல்லி வைத்தார். நடுவில் முதல் உலக யுத்தம் வந்துவிட்டதால் சரக்கு கைக்கு வர 1920 ஆகிவிட்டது. அந்தத் துப்பாக்கியில் புலி முகம் பொறித்திருக்கும். பத்தாயிரத்தில் துருவும் உலையும் தின்றது போக மிச்சம் எத்தனை இருக்கும்? அதனால்தான் இந்த மவுசு.

இந்தச் சமாசாரம் குடும்பப் பத்திரிகைக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். அரக்கோணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டுப் பரணை ஒழித்தபோது சாக்கில் சுற்றிய நீளமான கத்தி ஒன்று அகப்பட்டதாம். மாமியாரின் மாமனார் இரண்டாவது யுத்தத்தில் பர்மாப் பக்கம் போய்த் திரும்பியவர். கத்தி அவருடையது என்று ஒரு பேச்சு. யுத்த காலத்தில் அங்கே விமானத் திடல் இருந்தபோது எவரோ விட்டுப் போனது என்று இன்னொரு பேச்சு. கல்லூரியில் படிக்கும் பிள்ளை, "இது அபூர்வமாக இருக்கும் அம்மா, நான் சேர்க்கப் போகிறேன்" என்கிறான். மாமியார், "பெயரே சனியன், வீட்டுக்கு ஆகாது" என்கிறார். காயலான் கடைக்காரரோ எடைக்குக் கேட்கிறார். "புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டுப் பிறகு யோசிக்கலாமா?" என்பது சகோதரியின் கேள்வி.

வேண்டாம், அம்மா! முதலில் புளியைக் கீழே வையுங்கள். செங்கற்பொடி, சாம்பல், எலுமிச்சம் பழம் எதுவும் கூடாது. குத்துவிளக்குக்குத் தேய்த்தால் அழகு. இதற்குத் தேய்த்தால் நஷ்டம். சனியனின் ஜாதகம் முழுவதும் பிடியை ஒட்டிய அலகில்தான் எழுதியிருக்கிறது. எழுத்து மயிரிழை ஆழம்தான். இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தால் ஜாதகம் போய்விடும்; வெறும் இரும்புதான் மிஞ்சும்.

ஜாதகம் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்தில் அதிகம் புழங்கியது '1907' மாதிரி. அலகு மட்டும் பதினேழு அங்குலம். கத்தியில் 1907 என்று இருந்தால் அந்த வருஷத்தில் செய்தது என்று நினைத்துவிடக் கூடாது. அது மாதிரியின் பெயர். அதன் கீழே சின்னதாக இருக்கும் மாதமும் வருஷமும்தான் பிறந்த தேதி. பக்கத்தில் ஆலையின் பெயர் இருக்கும். வில்கின்ஸன், சாண்டர்ஸன், சாப்மன் என்றால் இங்கிலாந்து. ஆர்.எஃப்.ஐ. என்றால் கல்கத்தாவுக்கு அருகே இஷாப்பூர் துப்பாக்கி ஆலை. பெருக்கல் குறி போல ஒன்று இருந்தால், அலகை வளைத்துப் பார்த்து அது உடையாமல் நிமிர்ந்தது என்று அர்த்தம். மணமகள் தேர்வை விடக் கடுமையான பரீட்சை!

இரண்டாவது யுத்தத்தில் இந்தியாவில் அலகின் நீளத்தைப் பன்னிரண்டு அங்குலமாகக் குறைத்தார்கள். பழைய நீளக் கத்திகளை வெட்டியும் குட்டையாக்கினார்கள், புதிதாகவும் செய்தார்கள். பர்மா போனவர் வீட்டில் கிடைத்தது குட்டையாக இருந்தால் ஆச்சரியமில்லை.

வட்டத்துக்குள் ரெமிங்டன் என்று இருந்தால் கதை வேறு. 1914-ல் யுத்தம் மூண்டதும் பிரிட்டனின் ஆலைகளால் ஈடு கொடுக்க முடியவில்லை. அமெரிக்காவுக்கு ஆர்டர் போயிற்று. ரெமிங்டன் ஆலை '1907' மாதிரியில் சுமார் ஒரு லட்சம் செய்து அனுப்பியது. பிறகு வேறு துப்பாக்கிக்காக '1913' மாதிரியைப் பத்து லட்சத்துக்கு மேல் செய்தது. இரண்டும் பார்ப்பதற்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றின் துப்பாக்கியில் மற்றது பொருந்தாது. இருட்டில் தடவிப் பார்த்தே தெரியட்டும் என்று '1913'-ன் மரப்பிடியில் குறுக்கே இரண்டு பள்ளம் போட்டார்கள். உப்பு ஜாடிக்கும் சர்க்கரை ஜாடிக்கும் நாம் அடையாளம் வைப்பதில்லையா, அதே யுக்திதான். 1917-ல் அமெரிக்காவே யுத்தத்தில் இறங்கியபோது, ஆலையில் மிஞ்சிக் கிடந்த பிரிட்டிஷ் ஆர்டர் கத்திகளில் பழைய முத்திரையை அடித்துவிட்டுத் தன் முத்திரையைக் குத்திக்கொண்டது. ஒரே கத்தியில் இரண்டு ராஜ்யத்து முத்திரை! சேர்ப்பவர்களுக்கு அது பெரிய கொண்டாட்டம்.

முத்திரைக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதற்கு அர்ஜெண்டினா நல்ல உதாரணம். அந்தத் தேசம் தன் சனியன்களை ஜெர்மனியில் ஸோலிங்கன் என்னும் ஊரில் செய்வித்தது. நம் பக்கத்தில் நாச்சியார்கோவில் விளக்குக்குப் போல, கத்திக்குப் பேர்போன ஊர் அது. பிற்காலத்தில் அர்ஜெண்டினா தன் பழைய ஆயுதங்களை வெளியே விற்றபோது ராஜ்ய முத்திரையை அரத்தால் அராவி எடுத்துவிடுவது வழக்கமாயிற்று. ஆகையால் முத்திரை அழியாமல் கிடைப்பதற்கு விலை ஜாஸ்தி. அவர்கள் வேண்டுமென்று அராவினார்கள். நாம் புளி போட்டுத் தெரியாமல் அராவுகிறோம். பிள்ளைக்கும் ஒரு வார்த்தை: விலை ஜாஸ்தி என்றால் போலியும் ஜாஸ்தி. சாதாரணக் கத்தியில் அபூர்வ முத்திரையைப் புதிதாகக் குத்தி விற்கும் சமர்த்தர்கள் உண்டு.

இனி மாமியார் அம்மாளிடம் வருகிறேன். அவர் சொல்வதைச் சிரித்துத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. எத்தனை முத்திரை இருந்தாலும் இது மனிதனைக் குத்தச் செய்த பொருள். ஸோலிங்கன் ஆலைகள் துருக்கிப் பட்டாளத்துக்கும் சனியன் செய்து கொடுத்தன. முதல் யுத்தத்தில் மெசொபொட்டேமியாவில் அந்தப் பட்டாளத்தோடு மோதியவர்களில் நம் 'மதராஸ் ஸாப்பர்ஸ்' படையினரும் உண்டு. செய்தவன் ஒருவன், காசு கொடுத்து வாங்கியவன் ஒருவன், மார்பில் வாங்கிக் கொண்டவன் மூன்றாமவன். 'அயல் நாட்டு ஆர்டர்' என்று பட்டியலில் எழுதும்போது இந்த மூன்றாவது ஆளையும் பிள்ளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஆறுதலாகவும் ஒன்று சொல்லலாம். முதல் உலக யுத்தத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்த காயங்களில் சனியன் குத்தியது நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. பீரங்கியும் யந்திரத் துப்பாக்கியும் அந்த வேலையை எடுத்துக்கொண்டுவிட்டன. பெரும்பாலான சனியன்கள் செய்தது டப்பா திறப்பது, மண் கிளறுவது, சட்டை மாட்டுவது. உங்கள் பரணில் இருப்பது பரம சாதுவாகவே காலம் தள்ளியிருக்கலாம்.

அரக்கோணத்துக்காரர்களுக்கு அடுத்த ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது திருத்தணி. சூரனோடும் வேடர்களோடும் பொருத பிறகு முருகனுக்குச் சினம் தணிந்த மலை என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். மற்றத் தலங்களில் கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும். அங்கே அது கிடையாது, புஷ்பாஞ்சலிதான். ஆயுதத்துக்கும் சினம் தணியும் காலம் ஒன்று உண்டு என்று அந்த மலையடியில் வாழ்கிறவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

காயலான் கடைக்காரருக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்தத் தப்பை நம் சர்க்கார் ஒரு தடவை மிகப் பெரிதாகச் செய்திருக்கிறது. தஞ்சாவூர் மராட்டிய ராஜா சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் காலமானார். அரண்மனை ஆயுதசாலையில் வாளும் கட்டாரியும் ஈட்டியுமாக மலை போலக் குவிந்திருந்தன. நம் கொல்லர்கள் பிடி செய்து, ஐரோப்பாவிலிருந்து வந்த அலகைப் பூட்டிய கட்டாரிகளும் அவற்றில் இருந்தன. அயல் அலகு பூட்டிய வாளுக்கு 'ஃபிராங்கி' என்றே பெயர், நம்முடைய 'பரங்கி'தான். அவற்றிலிருந்து கொஞ்சத்தைச் சென்னை மியூஸியத்துக்குப் பொறுக்கி எடுத்துக் கொண்டு, மிச்சத்தை 1860-களில் டன் கணக்கில் உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். சென்னை சிவில் உத்தியோகத்தில் இருந்த வால்ஹவுஸ் என்ற வெள்ளைக்காரரே 1878-ல் இதை எண்ணி வருந்தி எழுதினார். தப்பிப் பிழைத்தவை எழும்பூர் மியூஸியத்தில் இருக்கின்றன. பிள்ளையை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.  கோட்டை மியூஸியத்திலும் கம்பெனிக் காலத்து ஆயுதங்களைப் பார்க்கலாம்.

சட்ட விஷயத்தையும் மறக்கக் கூடாது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட விதிகளில், வாள், ஈட்டி இவற்றோடு சனியனும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. லைசென்ஸ் வேண்டுமா என்பது ஊருக்கு ஊர் அமலில் உள்ள உத்தரவைப் பொறுத்தது. ஆகவே வீட்டு ஆண்பிள்ளைகள் யாராவது முதலில் போலீஸ் ஸ்டேஷனில் விவரம் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது. கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். காகிதத்தில் எழுதிக்கொண்டு போகட்டும்! நூறு வருஷத்துக்கு மேற்பட்டது என்று தெரிந்தால் 1972-ம் வருஷத்துப் புராதனப் பொருள் சட்டமும் உண்டு. அப்படிப்பட்டதைத் தனி மனிதர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கடல் கடந்து எவரேனும் ஆசை காட்டினால் மயங்க வேண்டாம்.

வைத்துக்கொள்வதாக முடிவானால் பராமரிப்பு சொற்பம்தான். மெல்லிய பழந்துணியில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடைக்க வேண்டும். வெறுங்கையால் அலகைத் தொட்டால் வியர்வையே துருவாகும். தோல் உறைக்குள் போட்டு வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உறை தனி, கத்தி தனி. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள் என்பதைத் தாய்மார்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலத்தில் 949-ல் பெரிய யுத்தம் நடந்தது. சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே உயிர் துறந்தான். 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று கல்லில் எழுதி வைத்தார்கள். அதனால் இன்றைக்கும் நமக்கு அவனைத் தெரிகிறது. உங்கள் வீட்டுப் பெரியவருக்குக் கல்வெட்டு கிடையாது. கத்தியில் ஆலையின் பெயர் இருக்கிறது, ராஜாவின் பெயர் இருக்கிறது, தேதி கூட இருக்கிறது. ஏந்தியவன் பெயரை மட்டும் எவரும் பொறிக்கவில்லை. அதைத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் ஒருவர்தான். மாமியாரை உட்கார வைத்து, அவருடைய மாமனாரின் பெயர், எந்தப் படை, எந்த வருஷம் போனார், எப்போது திரும்பினார், திரும்பிய பிறகு எதைச் சொன்னார், எதைச் சொல்லவே இல்லை என்று கேளுங்கள். ஒரு காகிதத்தில் எழுதி, நூலில் கோத்துப் பிடியில் கட்டுங்கள். கேட்பதைத் தள்ளிப் போடாதீர்கள்; இந்த வாரமே கேட்டுவிடுங்கள். கத்தி இன்னும் நூறு வருஷம் காத்திருக்கும்.