செய்து பார்ப்பதும் ஆய்வே

“பொம்மை செய்வதற்கு முனைவர் பட்டமா?” இந்தக் கேள்வியை ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆய்வு முன்னேற்றக் குழுவில் மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். விடுதி உணவகத்தில் சக ஆய்வாளர்கள் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். கேள்வியின் தொனியை விட்டுவிடலாம். அதற்குள் ஒரு கொள்கை இருக்கிறது: எழுதப்படுவது மட்டுமே அறிவு, செய்யப்படுவது அறிவுக்கு வெளியே நிற்கும் வெறும் வேலை. இக்கொள்கை தவறானது என்பதோடு, தொழில்நுட்ப வரலாற்றில் அது ஆய்வையே முடக்குகிறது என்றும் சொல்கிறேன். என் மேசைமேல் பாதி முடிந்த நிலையில் இருக்கும் பறக்கும் படகின் மாதிரியை வைத்தே இதை வாதிட முடியும்.

1936 ஜூலையில் இங்கிலாந்தின் ராச்செஸ்டரில், மெட்வே ஆற்றிலிருந்து, ஷார்ட் சகோதரர்கள் நிறுவனத்தின் ‘எம்பயர்’ வகைப் பறக்கும் படகுகளில் முதலாவது எழும்பிப் பறந்தது. முன்மாதிரி ஒன்றையும் பறக்கவிட்டுப் பார்க்காமலே, வரைபடங்களை நம்பி, இம்பீரியல் ஏர்வேஸ் 28 படகுகளுக்கு ஆணை கொடுத்திருந்தது. இவ்வகையில் மொத்தம் 42 கட்டப்பட்டன. நான்கு எஞ்சின்கள், 34.75 மீட்டர் அகல இறக்கை, இரண்டு தளங்கள். பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியா வரை அஞ்சலையும் பயணிகளையும் சுமந்துசென்ற இப்படகுகள், பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் கராச்சி, ராஜ்சமந்த், குவாலியர், அலகாபாத், கல்கத்தா ஆகிய இடங்களின் நீர்ப்பரப்புகளில் இறங்கின. 17ஆம் நூற்றாண்டில் மேவார் அரசர் ராஜ்சிங் கட்டுவித்த ஏரி, இருபதாம் நூற்றாண்டுப் பேரரசு ஒன்றின் வான்வழித் துறைமுகமாகவும் பயன்பட்டது. இன்று அந்த 42 படகுகளில் ஒன்றுகூட முழுமையாக எஞ்சவில்லை.

எஞ்சியிருப்பவை வரைபடங்களும் புகைப்படங்களும் எழுத்தும்தான். அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சுற்றிவந்து பார்க்க வழியில்லை. ஆகவே, 72இல் ஒரு பங்கு அளவில் அந்தப் படகைச் செய்துவருகிறேன். இறக்கை 48 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், உடல் 37. பெட்டியில் வாங்கிய பாகங்களை ஒட்டுவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். ஒவ்வொரு பாகமும் மூலத்திலிருந்து செய்யப்படுவது. பெரிய பாகங்கள் வீட்டிலேயே, வெற்றிடத்தால் பிளாஸ்டிக் தகட்டை அச்சின்மேல் இழுத்து வடிக்கும் முறையில் உருவாகின்றன.

இதில் ஆய்வு எங்கே இருக்கிறது? வரைபடத்திலிருந்து தொடங்குவோம். கப்பலைப் போலவே பறக்கும் படகின் உடலையும் குறுக்குவெட்டுகளால் வரைவார்கள். மூக்கிலிருந்து வால்வரை குறிப்பிட்ட இடங்களில் மட்டும் உடலின் வடிவம் தரப்பட்டிருக்கும். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் தாள் மௌனமாக இருக்கிறது. கட்டுரை எழுதுபவர் அந்த மௌனத்தைக் கவனிக்காமலே கடந்துவிடலாம். “நீரியக்க நோக்கில் செம்மையாக்கப்பட்ட அடிப்பகுதி” என்று ஒரு தொடரை எழுதினால் போதும், அவருக்கு வேலை முடிந்தது. உளியோடு மரக்கட்டைமுன் அமர்ந்திருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டு வெட்டுகளுக்கும் இடையில் மரத்தை எங்கே எடுப்பது, எங்கே விடுவது என்று அவர் முடிவு செய்தே ஆக வேண்டும். அந்த முடிவுக்கு ஆதாரம் தேடிப் புகைப்படங்களில் நிழல் விழும் கோட்டையும் பலகைகளின் இணைப்பையும் நீர்க்கோட்டையும் பார்க்கத் தொடங்குகிறார். மூலங்களை வாசிப்பது என்பதற்கு இதைவிடக் கறாரான பொருள் இருக்க முடியுமா?

அடுத்தது அச்சிலிருந்து தகட்டுக்குப் போகும் கட்டம். 1 மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன் தகட்டைச் சட்டத்தில் இறுக்கி, கேக் சுடும் மின்னடுப்பில் அது தளர்ந்து தொய்யும்வரை சூடேற்ற வேண்டும். கீழே துளையிட்ட மூடியுடைய காற்றுப்புகாப் பெட்டி. அதில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாய். தொய்ந்த தகட்டை மர அச்சின்மேல் இறக்கியதும் இயந்திரம் காற்றை இழுக்கிறது; தகடு அச்சைக் கவ்விக்கொள்கிறது. வீட்டு இயந்திரத்தால் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேறுபாட்டையே உண்டாக்க முடியும். ஆனால் 40க்கு 12 சென்டிமீட்டர் பரப்பில் அதுவே நூறு கிலோவுக்கு நெருங்கிய எடை. சில நொடிகளில் தகடு குளிர்ந்து இறுகிவிடும். அதற்குமேல் திருத்தம் இல்லை.

எளிமையான முறைதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் அது கணக்குக் கேட்கிறது. தகட்டின் தடிப்பு 1 மில்லிமீட்டர் என்றால், 72இல் ஒரு பங்கு அளவில் அது உண்மைப் படகின் 7.2 சென்டிமீட்டருக்குச் சமம். எனவே அச்சைச் சுற்றிலும் அந்த அளவு குறைத்துச் செதுக்க வேண்டும். தகடு ஆழமாக இழுபடும் இடத்தில் மெலியும். பரப்பு இருமடங்கானால் தடிப்பு சராசரியாகப் பாதியாகும். ஆகவே ‘அந்த அளவு’ என்பதும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. உட்குழிந்த வடிவில் அச்சு சிக்கிக்கொள்ளும் என்பதால், உடலை இடப்பாதி வலப்பாதி எனப் பிரித்து வடிக்க வேண்டும். கூர்விளிம்புகள் தகட்டின் தடிப்பால் மழுங்கிவிடும். அவற்றைப் பின்னர் மெல்லிய கீற்றுகள் ஒட்டி, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து மீட்க வேண்டும்.

படகின் அடியில் இருக்கும் ‘படி’யை எடுத்துக்கொள்ளுங்கள். வேகமெடுக்கும்போது வளைந்த அடிப்பகுதியை நீர் பற்றிக்கொண்டு விடாது. அந்தப் பிடியை உடைத்து இடையில் காற்று நுழைவதற்காகவே அடியில் திடீரென ஒரு படி வெட்டப்படுகிறது. மாதிரியில் அதே படியின் உள்மூலையில் தகடு இறங்க மறுத்துப் பாலம்போல் நிற்கும். அங்கே அச்சில் நுண்துளைகள் இட்டுச் சிக்கிய காற்றை வெளியேற்றினால்தான் மூலை கிடைக்கும். மூலத்தில் காற்று உள்ளே வர வேண்டும், மாதிரியில் வெளியே போக வேண்டும். இந்த வேறுபாட்டை ஒருமுறை கையால் தீர்த்தவர், ‘படி’ என்ற சொல்லை அடிக்குறிப்போடு விட்டுவிட மாட்டார்.

எம்பயர் படகுகளைப் பற்றிய எழுத்துகளில் அவற்றின் ஆடம்பரம் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. இரண்டு தளங்கள், பயணிகள் நின்று காட்சி பார்க்கும் அறை, விசாலமான இருக்கைகள். பேரரசின் மேட்டிமைப் பண்பாட்டுக்குச் சான்றாக இவை காட்டப்படுகின்றன. அது பொய்யன்று. ஆனால் உடலின் இரு பாதிகளையும் சேர்த்து, இறக்கையைப் பொருத்தி, எஞ்சின் முன்னால் காற்றாடி வட்டத்தை வைத்துப் பார்த்தபோது வேறொரு கேள்வி எழுந்தது. உடலின் ஆழத்தைச் சற்றே குறைத்தாலும் காற்றாடிகள் நீர்த்திவலைக்குள் போய்விடுகின்றன. இறக்கையைத் தாங்குகால்களின்மேல் தனியே உயர்த்தாமல் உடலின் உச்சியிலேயே பொருத்தியதால், உடல் ஆழமாக இருந்தே ஆக வேண்டியிருந்தது. மாடிவீடு போன்ற அந்த உருவத்துக்கு வலுவான காரணம் ஒன்று தண்ணீரில் இருக்கிறது. கிடைத்த ஆழத்தில் ஆடம்பரம் குடியேறியது. பண்பாட்டு வரலாறு எழுதுவோர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடக் கூடாது.

“இதைப் பொறியியல் நூல்களில் படித்தே அறியலாமே” என்பார்கள். அறியலாம். ஆனால் அந்தப் பக்கத்தைத் தேடிப் போவதற்குக் கேள்வி வேண்டும். கேள்வியை எனக்குத் தந்தது ஒரு பிளாஸ்டிக் கூடு. “முப்பரிமாண அச்சுப்பொறி இருக்கும்போது மரமும் உளியும் எதற்கு” என்பது இன்னொரு கேள்வி. அச்சுப்பொறிக்கு நான் எதிரியல்லேன். ஆனால் கணினியிடம் குறுக்குவெட்டுகளைக் கொடுத்தால், இடைவெளிகளை அதுவே வழவழப்பாக நிரப்பிக்கொள்கிறது. ஆதாரம் எங்கே முடிந்தது, ஊகம் எங்கே தொடங்கியது என்பது அந்த வழவழப்பில் மறைந்துபோகிறது. கருவி எதுவாயினும், அந்த எல்லை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே என் வாதம்.

மாதிரி செய்வதை இழிவாகப் பார்ப்பவர்கள் அறிவியலின் வரலாற்றையும் மறந்துவிடுகிறார்கள். 1870களின் தொடக்கத்தில் வில்லியம் ஃபிரௌட், டார்க்கேயில் நீர்த்தொட்டி கட்டி, பாரஃபின் மெழுகில் செய்த கப்பல் மாதிரிகளை இழுத்துச் சோதித்தார். இன்றைய கப்பல் வடிவமைப்பின் அடித்தளம் அது. எம்பயர் படகின் வடிவமைப்பாளர் ஆர்தர் கூஜ் பணியாற்றிய ஷார்ட் நிறுவனத்துக்கு ராச்செஸ்டரிலேயே சொந்தத் தொட்டி இருந்தது. வேறு எங்கும் போக வேண்டாம். 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதத்துக்கு மூவிழைக் கட்டமைப்பை முன்வைத்தபோது, பந்துகளும் குச்சிகளும் கொண்ட மாதிரிகள் அவர்களுடைய சிந்தனையின் கருவிகளாக இருந்தன. அந்தக் குச்சிகளை யாரும் பொம்மை என்று சொல்லவில்லை. இயற்பியல் துறையில் இருந்தால் மாதிரி. வரலாற்றுத் துறையில் இருந்தால் பொம்மையா?

இந்த வெறுப்பின் வேர் நம் மண்ணில் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. வேலையைப் பிரிப்பதாகச் சொல்லிக்கொண்டு மனிதர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்கியது சாதி என்பதை அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். தலையால் செய்வது உயர்வு, கையால் செய்வது தாழ்வு என்னும் அந்த அடுக்கு, பல்கலைக்கழகத்தின் வாயிலில் நின்றுவிடவில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை பிள்ளைகள் பத்து நாள் புத்தகப்பையின்றித் தச்சர், குயவர் போன்றோரிடம் பயில வேண்டும் என்கிறது. பதின்மூன்று வயதில் பத்து நாள் தொட்டுப் பார்க்கலாம். முப்பது வயதில் அதை ஆய்வென்று சொன்னால் மட்டும் சிரிப்பு வருகிறது.

எங்கள் வளாகத்தில் மேசை நாற்காலி பழுதுபார்க்கும் தச்சர் ஒருவர் இருக்கிறார். நான் வெட்டிவைத்திருந்த அட்டை வெட்டுருவங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தவர், மூன்றாவதைக் காட்டி, “இந்த வளைவு அடுத்ததுக்குப் போகாது, சார், நடுவில் பள்ளம் விழும்” என்றார். இரண்டு வரைபட நகல்களை ஒப்பிட்டபோது, ஒன்றில் அந்த வெட்டு இடம் மாறிக் குறிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. மூலத் திறனாய்வு என்று நாம் வகுப்பெடுக்கும் செயலை அவர் அரை நிமிடத்தில் செய்துகாட்டினார். ஆய்வேட்டில் அவருக்கு எங்கே இடம்? நன்றியுரையின் கடைசிப் பத்தியில், தட்டச்சு செய்தவருக்கும் தேநீர் கொடுத்தவருக்கும் பக்கத்தில். அச்சிட்ட பிழைக்கு மேற்கோள் குறிப்பு உண்டு. அதைத் திருத்திய அறிவுக்கு இல்லை. இதைவிடப் பெரிய முறையியல் கோளாறு எனக்குத் தெரியவில்லை.

எல்லா மாதிரியும் ஆய்வாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. எல்லாக் கட்டுரையும் ஆய்வாகிவிடுவதில்லை என்பதுபோலத்தான். பொழுதுபோக்காகச் செய்பவர் அழகாகச் செய்தால் போதும். அதில் குறையேதும் இல்லை. ஆய்வாகச் செய்பவர் தான் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும். எந்தப் பகுதி வரைபடத்திலிருந்து வந்தது, எது புகைப்படத்திலிருந்து ஊகிக்கப்பட்டது, எது பொருளின் இயல்பால் மட்டும் அப்படி அமைந்தது என்று பிரித்துப் பதிவு செய்ய வேண்டும். வெற்றிடத்தில் மழுங்கிய விளிம்பை மூலத்தின் வடிவமாகக் காட்டினால் அது பொய்ச்சான்று. இன்னொருவர் அதே அச்சை எடுத்து மீண்டும் வடித்துப் பார்க்க முடிய வேண்டும். இந்த அளவுகோலால் என் வேலையை அளந்து, தேறாவிட்டால் நிராகரியுங்கள். அளக்காமலே நிராகரிப்பதை ஏற்க முடியாது.

துறைகளிடமும் ஆய்வுக் குழுக்களிடமும் கேட்பவை நான்கு:

1. மீளுருவாக்க மாதிரியை, அதன் பதிவேட்டோடு சேர்த்து, ஆய்வேட்டின் பகுதியாகச் சமர்ப்பிக்க அனுமதியுங்கள்.

2. பொறியியல் துறைப் பட்டறைகளின் கதவைக் கலைப்புல ஆய்வாளர்களுக்கும் திறந்துவிடுங்கள். சூடேறும் பிளாஸ்டிக்கின் புகையை வெளியேற்றும் வசதி விடுதி அறையில் இல்லை, அங்கே இருக்கிறது.

3. செய்பொருளை மதிப்பிடும் குழுவில், செய்யத் தெரிந்த ஒருவரையாவது உறுப்பினராக்குங்கள். அவருக்குப் பட்டம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள்.

4. கைவினைஞர் வாய்மொழியாகத் தந்த அறிவை, பெயரோடும் நாளோடும், நூலுக்கு இணையாக மேற்கோள் காட்டும் மரபை உருவாக்குங்கள்.

இவற்றில் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. என் தகடுகளும் மரமும் சேர்ந்து ஒரு மாநாட்டுப் பதிவுக் கட்டணத்தைத் தாண்டவில்லை. தேவைப்படுவது, கையும் சிந்திக்கும் என்று ஒப்புக்கொள்ளும் மனம். நான்கு எஞ்சின் கூடுகளையும் ஒரே அச்சிலிருந்து அடுத்த வாரம் வடிக்கவிருக்கிறேன். ‘இதெல்லாம் ஆய்வா’ என்று இன்னும் கேட்பவர்கள் வரலாம். ஆனால் வரும்போது ஒரு குறுக்குவெட்டைக் கையில் எடுத்து, அடுத்ததுவரை மரத்தை எப்படி இழைப்பது என்று எனக்குச் சொல்ல வேண்டும். விவாதத்தை அங்கிருந்து தொடங்குவோம்.