கம்பெனிக்கு 258 சதவீதம். தொழிலாளிக்கு அரை சதவீதம்!
தொழிலாளர் நல ஆராய்ச்சி யாருக்கு?

தொழிலாளி நலமாக இருந்தால் முதலாளிக்கு லாபம் என்று ஒரு புதிய உபதேசம் கிளம்பியிருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக் கழக நிபுணர்கள் ஆலைக்குள்ளேயே வந்து பரிசோதனை நடத்தி இதை நிரூபித்திருக்கிறார்கள். வெக்கையைக் குறையுங்கள், பயிற்சி கொடுங்கள், குறைகளைக் கேளுங்கள். போட்ட பணம் பல மடங்காகத் திரும்பும் என்கிறார்கள். நல்ல விஷயம்தானே, இதில் என்ன குற்றம் என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

அவர்கள் கைப்பட எழுதிய கணக்கு

பெங்களூர் ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் பெண்களிடையே அத்வர்யு, காலா, நிஷாதம் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் நடத்திய ஆராய்ச்சி 2018ல் வெளிவந்தது. குலுக்கல் முறையில் சிலரைப் பொறுக்கி எடுத்து, பேசிப் பழகவும் வேலையைத் திட்டமிடவும் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தி 20 சதவீதம் அதிகம். பயிற்சி முடிந்த எட்டு மாதத்தில் கம்பெனி போட்ட ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 258 ரூபாய் நிகர ஆதாயம். அந்தப் பெண்களின் கூலி எவ்வளவு உயர்ந்தது? அரை சதவீதம்!

100 ரூபாய் கூலி வாங்கியவளுக்கு 50 பைசா! இது சங்க மேடையில் சொன்ன கணக்கல்ல, நிபுணர்களே எழுதிய கணக்கு. "முதலில் உற்பத்தியைப் பெருக்கு, கூலி தானாக உயரும்" என்று நமக்குச் சொல்லி வந்தார்களே, அந்த வாதத்தை அவர்களுடைய காகிதமே கிழித்துப் போட்டுவிட்டது.

விளக்கு பற்றியும் ஆராய்ந்தார்கள். குழல் விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்குகள் போட்டதில் ஆலையின் சூடு குறைந்து, வெயில் நாட்களில் உற்பத்தி உயர்ந்தது. மின்சார மிச்சத்தை மட்டும் பார்த்தால் முதல் திரும்ப எவ்வளவு காலம் ஆகுமோ, அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான காலத்திலேயே திரும்பிவிடும் என்று கண்டார்கள். இந்த வித்தை புதியதல்ல. அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில் 1924லேயே விளக்கை மாற்றி மாற்றித் தொழிலாளியை அளந்து பார்த்தார்கள்.

மூன்றாவது ஆராய்ச்சி இன்னும் வேடிக்கை. எதிர்பார்த்த கூலி உயர்வு கிடைக்காமல் ஏமாந்து நின்ற தொழிலாளர்களில் சிலரிடம், பெயர் வெளியே தெரியாமல் அபிப்பிராயம் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டு நிற்பதும் லீவு போடுவதும் குறைந்ததாம். கொடுத்தது காது, காசு கொடுக்கவில்லை!

அந்தக் காதுக்கும் எல்லை உண்டு. ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்த கம்பெனி ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ். அதன் பெங்களூர் ஆலை ஒன்றில் 2018ல் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு, கூலி உயர்வும் நல்ல குடிதண்ணீரும் கேட்டு மகஜர் கொடுத்தார்கள். ஏப்ரலில் அவர்களுக்கு அடியும் உதையும் சஸ்பென்ஷனும் கிடைத்தன என்று ஒர்க்கர் ரைட்ஸ் கன்சார்டியம் என்ற சர்வதேசக் கண்காணிப்பு ஸ்தாபனம் அறிக்கை வெளியிட்டது. விஷயம் உலகறிய அம்பலமான பிறகே அவர்களை மீண்டும் வேலைக்கு எடுத்தார்கள். தனித்தனியாகக் குறை சொன்னால் ஆராய்ச்சி. கூடி நின்று கேட்டால் அடிதடி!

நெய்வேலியில் எந்தக் கணக்கு?

வடக்குத்தைப் போன்ற சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து காண்டிராக்ட் தொழிலாளர்கள் சுரங்கத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் போகிறார்கள். அங்கே 2020 மே 7ந் தேதி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் பாய்லர் வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். சரியாக 55 நாள் கழித்து, ஜூலை 1ந் தேதி, அதே நிலையத்தில் இன்னொரு பாய்லர் வெடித்தது. அன்றே 6 பேர் மாண்டார்கள். காயம்பட்டவர்களில் மேலும் பலர் ஆஸ்பத்திரியில் உயிர் விட்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 5 கோடி ரூபாய் இடைக்கால அபராதம் விதித்தது.

இங்கே கேட்கிறோம்: பாய்லரைச் சோதித்துப் பழுது பார்ப்பது ஆதாயமா, நஷ்டமா என்று பரிசோதனை செய்தா முடிவெடுப்பது? நஷ்டம் என்று கணக்கு வந்தால் தொழிலாளி எரிந்து சாக வேண்டியதுதானா? லாபம் தந்தால்தான் நலம் என்ற வாதத்தின் விஷம் இதுதான். இன்று லாபம் என்பதால் கொடுப்பதை, நாளை நஷ்டம் என்று பிடுங்கிக் கொள்ளலாம்.

வயலில் வேலை செய்யும் நம் சகோதரிகளுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடையே சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனம் நடத்திய ஆராய்ச்சியில், வயலிலும் சூளையிலும் உப்பளத்திலும் கடும் வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரு மடங்கு என்று தெரிந்தது. நிழல் போட்டால் மிராசுதாருக்கு எத்தனை சதவீதம் லாபம் என்று காட்டினால்தான் அவளுக்கு நிழல் கிடைக்குமா?

வென்றது ஐக்கியமே

2023 ஏப்ரல் 21ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியது. எந்த நிபுணரின் புள்ளி விவரமும் அதைத் தடுக்கவில்லை. சங்கங்கள் கொடி வேற்றுமை பாராமல் ஒன்று திரண்டன. மே தினத்தன்று அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவிக்க நேர்ந்தது.

விளக்கு வரட்டும், பயிற்சி வரட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பெருகிய உற்பத்தியில் நம் பங்கு எவ்வளவு என்பது சங்கத்தோடு பேசி முடிவாக வேண்டும். நம்மை அளந்த கணக்கு நம் கைக்கும் வர வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளியின் உயிருக்கும் நிரந்தரத் தொழிலாளியின் உயிருக்கும் ஒரே பாதுகாப்பு வேண்டும். வெயிலில் வேலை செய்பவருக்குத் தண்ணீர், நிழல், ஓய்வு ஆகியவை சட்டப்படியான உரிமையாக வேண்டும்.

தோழர்களே! அடுத்த முறை ஆலைக்குள் கேள்வித்தாளோடு வருகிறவரிடம் முதலில் நாம் ஒரு கேள்வி கேட்போம்: 258ல் எங்கள் பங்கு எங்கே?