எம்.எஸ்சி.யா, எம்.பி.ஏ.வா?



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் இல்லங்களில் திருமணப் பேச்சுக்கு அடுத்தபடியாக எழுவது படிப்புப் பேச்சு. இளங்கலைப் பட்டம் பெற்றுவிட்ட பிள்ளையை மேற்கொண்டு எதில் சேர்ப்பது, எதைப் படித்தால் வேலை கிடைக்கும் என்ற வினாவோடு என்னிடம் வருவோர் பலர். அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர், சிவகாசியில் அச்சகம் ஒன்றில் ஆப்செட் இயந்திரம் ஓட்டுபவர். அவர் மனைவி பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுபவர். மகள் வேதியியலில் பி.எஸ்சி. முடித்திருந்தாள்.

தந்தையின் கையில் வெளியூர்த் தனியார் கல்லூரி ஒன்றின் வழவழப்பான விளம்பரத் தாள் இருந்தது. "எம்.பி.ஏ. முடித்தால் நூற்றுக்கு நூறு வேலை உறுதி என்று போட்டிருக்கிறார்கள், சாமி. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தாவது சேர்த்துவிடலாமா?" என்றார். மகளோ எம்.எஸ்சி. வேதியியலே படிப்பேன் என்று உறுதியாக நின்றாள்.

சென்ற ஆண்டு அங்கே படித்து வெளியேறியவர்கள் யார், எந்த நிறுவனத்தில், என்ன ஊதியத்தில் இருக்கிறார்கள், அவர்களில் மூவரிடமாவது பேசினீர்களா என்று கேட்டேன். அவர் சற்றே தயங்கிச் சிரித்தார். "இந்தத் தாளை அச்சடித்ததே எங்கள் அச்சகந்தான், சாமி. போன வருடமும் இதே முகங்கள்தாம். ஆண்டை மட்டும் மாற்றினோம்" என்றார். தம் கையாலேயே அச்சிட்டதைத் தாமே நம்ப விரும்பினார் அந்த எளிய மனிதர். மகளின் மீது கொண்ட பாசம் அப்படிச் செய்கிறது.

அவரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. 2010ஆம் ஆண்டையொட்டி, என்னிடம் வந்த இளைஞர் அனைவரையும் பொறியியலுக்கே போகச் சொன்னவன் நான். அப்போது தமிழகத்தில் 500க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் முளைத்திருந்தன. அத்தனை பேருக்கும் வேலை எங்கே இருக்கிறது என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவர்களுள் சிலர் இன்றும் தாம் படித்ததற்குத் தொடர்பற்ற வேலையில், கடனை அடைத்துக்கொண்டிருக்கின்றனர்.

எம்.பி.ஏ. பயனற்ற படிப்பு என்று நான் சொல்லவில்லை. ஓரிரு ஆண்டுகள் ஏதேனும் ஒரு பணியில் பழகியபின் அதைப் படிப்போர்க்கு நல்ல பயனுண்டு. அப்படியே சேர விரும்பினாலும், அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வை எழுதிக் கலந்தாய்வின் வழியாக இடம் பெறலாமே! ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன்: 4 இலட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்பதில்லை. எனவே வீட்டுப் பத்திரத்தைத் தொட வேண்டாம்.

இனி வேதியியலுக்கு வருவோம். நம் ஊரின் வரலாற்றையே பாருங்கள். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, எட்டு மாதங்கள் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழை குன்றிய இவ்வறண்ட மண்ணுக்கு அது பொருந்திற்று. தீப்பெட்டியிலிருந்து பட்டாசும், அதன் லேபிளிலிருந்து அச்சுத் தொழிலும் கிளைத்தன. மருந்து கலக்கும் கைப்பக்குவம் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. ஏட்டுக் கல்வியை யாரும் அங்கே பெரிதாகத் தேடவில்லை.

அந்நிலை 2018 அக்டோபர் 23 அன்று மாறத் தொடங்கிற்று. பேரியம் உப்புக்களையும் சரவெடியையும் உச்ச நீதிமன்றம் தடை செய்து, பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டுமே இசைவளித்தது. பச்சை ஒளிக்கும் கம்பி மத்தாப்புக்கும் பேரியம் நைட்ரேட்டையே நம்பியிருந்த தொழில் திகைத்தது. நாகபுரியிலுள்ள நீரி ஆய்வு நிறுவனம், நீரை வெளியிட்டுத் தூசியை அடக்கும் கலவையையும் அலுமினியத்தைக் குறைத்த கலவையையும் உருவாக்கியது. மூலப்பொருட்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் சிவகாசியிலேயே அமைந்தது. இக்கலவைகளைப் புரிந்துகொள்ளவும், சோதித்துச் சான்றளிக்கவும் கைப்பக்குவம் மட்டும் போதுமா?

விபத்துக்களையும் எண்ணிப் பாருங்கள். ஈரம்பட்ட அலுமினியத் தூள் தானே சூடேறும். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் சிறு உராய்வே போதும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 35க்கும் மேற்பட்டோர் மாண்டதை நம்மில் எவர் மறக்க இயலும்? கலவை அறைக்கு அருகே வேதியியல் கற்றவர் ஒருவர் நிற்பது, ஊதியக் கணக்கில் மட்டும் அடங்கும் காரியமன்று.

ஆயினும் ஊதியத்தையும் பேசியாக வேண்டும். எம்.எஸ்சி. மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தால், தொடக்கத்தில் பெருந்தொகை கிடைக்காது என்பதை அப்பெண்ணிடம் மறைக்கவில்லை. அத்துடன் இரண்டாண்டு பி.எட். சேர்ந்தால் அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். நெட் தேர்வில் வென்றால் கல்லூரிப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். கேட் தேர்வில் தகுதி பெற்று எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு படிக்கலாம். மருந்து, சாயம், உணவுப் பொருள் ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளும் உண்டு. இத்தேர்வுகளுக்கு எம்.எஸ்சி. முதலாண்டிலேயே ஆயத்தமாகாதவர்கள்தாம் பின்னர், "படித்தும் வேலையில்லை" என்று வருந்துகின்றனர்.

தந்தைக்கு இன்னும் ஓர் அச்சம். "பெண் பிள்ளை பட்டாசு ஆலையில் போய் நிற்பதா, சாமி?" என்றார். அதற்கு என்னிடம் உடனே விடையில்லை. ஆபத்து இல்லையென்று எப்படிச் சொல்வேன்? அதுவரை வாய்திறவாதிருந்த தாய், "நான் உருட்டுகிற குழாய்க்குள் என்ன போகிறதென்று இருபது வருடமாக எனக்குத் தெரியாது. அவளாவது தெரிந்துகொள்ளட்டும்" என்றார்.

விருதுநகர்க் கல்லூரி ஒன்றுக்கும் சிவகாசிக் கல்லூரி ஒன்றுக்கும் அப்பெண் எம்.எஸ்சி. விண்ணப்பம் அனுப்பியிருக்கிறாள். எதில் இடம் கிடைக்குமென்று இன்னும் தெரியவில்லை. வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கிறது.