விட்ட பிறகு யார் பார்ப்பது?

பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து தெருநாய்களை அகற்ற வேண்டும். கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த பிறகும் அதே இடத்தில் விடக் கூடாது. 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு இட்ட உத்தரவு இது. பிடித்த இடத்திலேயே விடச் சொல்லும் 2023 கருத்தடை விதிகளை அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று இதே அமர்வு ஏற்றிருந்ததையும் வாசகர்கள் அறிவார்கள். பிரசவ வார்டு வாசலில் நாய்க்கூட்டம் படுத்திருக்கத்தான் வேண்டும் என்று எந்தக் கால்நடை மருத்துவரும் வாதாடப் போவதில்லை. இவ்விதழும் உத்தரவை எதிர்க்கவில்லை.

ஆனால் நாய் போன இடத்துக்கு அடுத்து வருவது யார்?

திருவண்ணாமலையை எடுத்துக்கொள்ளலாம். பேருந்து நிலையத்து நாய்களை வண்டியில் ஏற்றிவிடலாம். எச்சில் இலை அங்கேயேதான் கிடக்கும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக ஆசிரமச் சமையற்கட்டுகள், அன்னதானப் பந்தல்கள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலைமலையாய்ச் சோறு. நாய்க்குப் பயந்து ஓட்டின் மேலும் மதிலின் மேலும் வாழும் பூனைகள் தரைக்கு இறங்க இதைவிட நல்ல அழைப்பு வேண்டியதில்லை.

பூனைக்கும் கருத்தடை செய்துவிட்டால் போயிற்று என்பார்கள். அங்கேதான் சிக்கல். கடுவனுக்கு விதை நீக்கினால் சண்டை, ஊர்சுற்றல், சிறுநீர் பீய்ச்சல் மூன்றும் பெரும்பாலானவற்றில் குறையும் என்பதை ஆய்வாளர்கள் ஹார்ட்டும் பாரெட்டும் 1973-லேயே காட்டிவிட்டார்கள். ஒரு கூட்டத்தையே கருத்தடை செய்தால் என்ன ஆகும்? இஸ்ரேலில் டெல் அவிவ் பல்கலைக்கழகக் குழு, உணவு வைக்குமிடத்தில் கூடும் பூனைகளைக் கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வுகளை நம்மில் எத்தனை பேர் படித்தோம்? ஆபரேஷன் ஆன கூட்டங்களில் மோதல் குறைந்தது. கூடவே, எண்ணிக்கை கூடியது. அடித்து விரட்டும் வேகம் தணிந்த கூட்டத்துக்குள் அயல் பூனைகள் நுழைந்து தங்கிவிட்டன. அங்கிருந்து வெளியேறியவையும் குறைவு. குட்டிகள் பிழைத்ததும் அங்கேதான் அதிகம். சோற்றுத் தட்டைச் சுற்றி அமைதி நிலவினால் அந்த அமைதிக்கு விருந்தாளிகள் வருவார்கள்.

“ஆபரேஷன் செய்தும் பூனை கூடிப்போச்சே டாக்டர்” என்று ஆசிரமத்தார் கேட்கும்போது, தையல் பிரிந்ததா, சூலகத்தின் மிச்சம் உள்ளே தங்கியதா என்று மருத்துவர் தன் கத்தியையே சந்தேகிக்கிறார். கத்தி ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.

தீர்வும் அதே நாட்டிலிருந்து வந்தது. ரிஷோன் லெசியோன் நகரின் 12 ஆண்டுத் தரவு 2022-இல் வெளியானது. நகரின் பாதிப் பகுதிகளில் மட்டும் 70 விழுக்காட்டுக்கு மேல் கருத்தடை செய்தபோது பூனைகள் குறையவில்லை. இடைவெளியின்றி நகர் முழுக்கச் செய்தபோதே ஆண்டுக்கு 7 விழுக்காடு அளவில் சரிந்தன. கிரிவலப் பாதையில் ஓர் ஆசிரமம் மட்டும் பொறிக்கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடைக்கு அடையாளமாகக் காது முனை வெட்டி அனுப்பிக்கொண்டிருந்தால், பக்கத்து மடத்துப் பூனைகளுக்கு அது சத்திரம் கட்டிக் கொடுப்பதாகத்தான் முடியும். பாதையின் ஒரு துண்டு மாநகராட்சியிலும் இன்னொரு துண்டு ஊராட்சியிலும் கிடந்தால் பூனைக்கு அந்த எல்லைக்கல் தெரியாது.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? 2001 கருத்தடை விதிகள் நாய்களுக்கு மட்டுமானவை. 2023 விதிகள் சமூக விலங்குகள் என்று வலையை அகல விரித்தன. பணமும் ஆளும் நாயோடு நின்றுவிட்டன. சென்னையில் 2024-இல் சுமார் 1.8 லட்சம் தெருநாய்களை எண்ணினார்கள். பூனையை எண்ண ஆளில்லை. நாயிலாவது முழு வேலை நடக்கிறதா என்றால், நீக்கிய கருப்பையையும் விதையையும் எண்ணிப் பார்த்துத் தொகை தருகிறார்கள். வெளியே விட்ட உயிர் மூன்று மாதம் கழித்து எங்கே இருக்கிறது, யாரோடு படுக்கிறது, யாரை விரட்டுகிறது என்று கேட்க ஒருவரும் இல்லை. விட்ட பிறகான கவனிப்பும் அறுவையின் ஒரு பகுதியே என்று இவ்விதழ் எழுதி எழுதிப் பேனா தேய்ந்தது. கேட்டால் நிதி ஒதுக்கீட்டில் அந்தத் தலைப்பே இல்லை என்கிறார்கள். ஃபார்மலினில் மிதக்கும் உறுப்புக்குத் தலைப்பு இருக்கிறது. நடமாடும் பூனைக்கு இல்லை! அதே திருவண்ணாமலையின் ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்கும் மானுக்கும் காக்கைக்கும் நாய்க்கும் சமாதி உண்டு. பூனை அந்த வரிசையிலும் இல்லை என்பதை அதிகாரிகள் முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டார்கள் போலும்.

பேருந்து நிலைய நாய்களைப் பிடிக்கும் பணியில் இருக்கும் மருத்துவர்கள், காலி செய்யும் முன்னரே அந்த வளாகத்துப் பூனைகளை ஒருமுறை எண்ணி வைக்க வேண்டும். அறுவைக்குப் பின் 30-ஆம் நாளும் 90-ஆம் நாளும், சோறு வைக்கும் நேரத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும்: காது வெட்டியவை எத்தனை, வெட்டாத புதுமுகங்கள் எத்தனை, குட்டிகள் எத்தனை, சண்டை எத்தனை. விலாவழி அறுவை செய்திருந்தால் பூனையைப் பிடிக்காமலே காயத்தையும் பார்த்துவிடலாம். குறிப்புகளை இவ்விதழுக்கு அனுப்பினால் வரும் இதழ்களில் அப்படியே அச்சாகும், மாநகராட்சி கேட்டாலும் கேட்காவிட்டாலும்.