கடவுச்சொல்லில் கீபோர்டுக்கு என்ன வேலை?

பதுளையில் போன் திருத்தும் கடை நடத்துகிறேன். மடுல்சீமை, நமுனுகுல, பசறைத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள் அடிக்கடி கேட்பது, "தம்பி, இதுல தமிழ் எழுதுற மாதிரி செஞ்சு தாங்க" என்பதுதான். வெளிநாட்டில் வேலை செய்யும் மகளுக்கு வட்ஸ்அப்பில் நாலு வரி எழுத வேண்டும்.

கூகுள் கீபோர்டிலேயே தமிழ் இருக்கிறது. ஆனாலும் வீட்டுப் பிள்ளைகள் படத்துக்கும் நிறத்துக்கும் ஆசைப்பட்டு வேறொன்றை இறக்கி வைத்திருப்பார்கள். அதை இயக்கும்போது அண்ட்ரொயிட் எச்சரிக்கும்: கடவுச்சொல், கடன் அட்டை இலக்கம் உட்பட நீங்கள் எழுதும் எல்லாவற்றையும் இது சேகரிக்கக்கூடும். போன் ஆங்கிலத்தில் இருப்பதால் எச்சரிக்கையும் ஆங்கிலத்தில். 'ஓகே'யை அழுத்திவிடுகிறார்கள். மகள் அனுப்பும் காசு வந்து சேரும் வங்கிச் செயலியும் அதே போனில்தான்.

கீபோர்ட் போல வெளியார் எழுதிய நிரல் போனுக்குள்ளோ கணினிக்குள்ளோ எதுவரை போகலாம் என்பதற்குக் கறாரான எல்லை வேண்டும். கெட்ட எண்ணம் இருந்தால்தான் ஆபத்து என்றில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு ஒன்று சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. விண்டோஸின் அடித்தளம்வரை அதற்கு இடம் கொடுத்திருந்ததால் வந்த வினை அது.

அதற்காக அடியோடு அடைத்துவிடவும் கூடாது. 2014 வரை ஐபோனில் வெளியார் கீபோர்டுக்கு இடமே இல்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற தமிழ் எழுதும் செயலி இருந்தும், அதற்குள் எழுதி, பிரதியெடுத்து, வேறு செயலியில் கொண்டுபோய் ஒட்ட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் வந்த ஐஓஎஸ் 8தான் வழிவிட்டது. வழிவிட்ட விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. கீபோர்ட் தனியாக ஓடும், எழுத்தை மட்டும் கொடுக்கும். நாம் 'முழு அணுகல்' தராவிட்டால் இணையத்தைத் தொடாது. கடவுச்சொல் கட்டத்தில் அப்பிளின் சொந்தக் கீபோர்டே வரும்.

தோட்டங்களில் ஐபோனைக் காண்பது அரிது. அண்ட்ரொயிட்டிலோ கீபோர்டுக்கு இணையம் நம்மைக் கேட்காமலே கிடைத்துவிடுகிறது. கூகுள் இதை மாற்ற வேண்டும். போன் எந்த மொழியில் இருந்தாலும், தமிழ்க் கீபோர்டைச் சேர்ப்பவருக்கு எச்சரிக்கையைத் தமிழில் காட்ட வேண்டும். அதுவரை நம் வங்கிகளாவது கடவுச்சொல்லுக்குத் தங்கள் செயலியிலேயே எண்பலகை வைக்கட்டும்.