பெறுபேற்றுத் தாளில் தெரியாத பிள்ளை

கிராமத்தில் கணினி வகுப்பு ஒன்று தொடங்கப்போகிறது என்ற செய்தி பரவியதும் இரண்டு காரியங்கள் உடனே நடக்கின்றன. பிள்ளைகளின் சாதாரண தரப் பெறுபேற்றுப் பிரதிகள் வந்து குவிகின்றன. பங்குத் தந்தையிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டுப் பெற்றோர் வருகிறார்கள். இருபது இடங்களுக்கு நூறு விண்ணப்பம் என்றால் கூடிய புள்ளி எடுத்தவர் உள்ளே, மற்றவர் வெளியே. புள்ளி சமமானால் கடிதம் தீர்த்து வைக்கும். இது நீதியான முறை என்றே நாம் எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கணினித் துறையைப் பொறுத்தவரை இது நீதியும் அல்ல, பயனும் அல்ல என்பது என் கருத்து. இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போகத் தேவையில்லை. நமது நாட்டிலேயே ஒன்று இருக்கிறது.

அதைச் சொல்லுமுன் "திறந்த மூல மென்பொருள்" என்றால் என்னவென்று சொல்லவேண்டும். கணினியை இயக்கும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். சில கம்பனிகள் தாம் எழுதிய கட்டளைகளைப் பூட்டி வைத்துவிட்டு, பாவிக்கும் உரிமையை மட்டும் விற்கின்றன. வேறு சில மென்பொருட்களின் கட்டளைகள் எவரும் வாசிக்க, திருத்த, பிறருக்குக் கொடுக்கக் கூடியதாகத் திறந்து வைக்கப்பட்டுள்ளன. லினக்ஸ் அப்படிப்பட்டது, பயர்பொக்ஸ் அப்படிப்பட்டது. கட்டுக்கரைக்குளத்தின் கீழ் கமம் செய்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது இலகு. வாய்க்கால் தனியொருவரின் சொத்தல்ல. தண்ணீர் பாவிக்கும் எல்லோரும் விதைப்புக்கு முன் தத்தம் பங்கைத் துப்பரவு செய்யவேண்டும். யார் தன் பங்கை ஒழுங்காக வெட்டினார், யார் புல்லை மேலாகச் செருக்கிவிட்டுப் போனார் என்பது தண்ணீர் திறந்துவிட்டதும் ஊருக்கே தெரிந்துவிடும். திறந்த மூல வேலையிலும் எழுதியவரின் பெயர், எழுதிய வரி, எழுதிய திகதி எல்லாம் உலகம் பார்க்கக் கிடக்கும். அங்கே சான்றிதழுக்கு அதிக வேலை இல்லை.

2005ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. "கூகுள் சமர் ஒஃப் கோட்" என்பது அதன் பெயர். மேலைநாட்டுக் கோடை விடுமுறை மாதங்களில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் திறந்த மூலக் குழு ஒன்றுடன் சேர்ந்து குறித்த ஒரு வேலையைச் செய்து முடிப்பார். அக்குழுவின் அனுபவசாலி ஒருவர் அவருக்கு வழிகாட்டியாக இருப்பார். மாணவருக்குரிய உதவித்தொகையைக் கூகுள் கொடுக்கும். முதலாண்டில் அது 4,500 டொலர். 2017இலிருந்து அந்தந்த நாட்டின் வாழ்க்கைச் செலவுக்கேற்பத் தொகை வேறுபடுகிறது. முதல் இருபது ஆண்டுகளில் 20,000க்கும் மேற்பட்டோர் இதனூடாக வந்துள்ளனர்.

2005 முதல் 2014 வரையான முதற் பத்து ஆண்டுகளில் இத்திட்டத்துக்கு உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது எந்தப் பல்கலைக்கழகம்? அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றும் அல்ல. இந்தியாவின் ஐ.ஐ.டி.யும் அல்ல. நமது மொறட்டுவைப் பல்கலைக்கழகம்.

"அங்கே போவது நாட்டின் கெட்டிக்காரப் பிள்ளைகள்தானே" என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைகள் போகும் பல்கலைக்கழகங்கள் உலகில் எத்தனையோ உண்டு. அவை முன்னுக்கு வரவில்லை. மொறட்டுவையின் கதையைச் சற்றுப் பின்னாலிருந்து பார்க்கவேண்டும். அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை செய்துவிட்டு நாடு திரும்பிய கலாநிதி சஞ்சீவ வீரவரண முதலியோர் 2003இல் லங்கா சொவ்ட்வெயர் பவுண்டேசன் என்னும் அமைப்பை உருவாக்கினர். இலங்கையில் இருந்துகொண்டே உலகத் திறந்த மூலக் குழுக்களில், குறிப்பாக அப்பாச்சிக் குழுக்களில், இளைஞர் வேலை செய்யப் பழக வேண்டும் என்பது அதன் நோக்கம். 2005இல் அவர் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனமும் அதே பாதையில் போனது. ஆகவே கூகுளின் அறிவித்தல் வந்தபோது கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடிய அண்ணன்மாரும் அக்காமாரும் ஏற்கெனவே பக்கத்தில் இருந்தார்கள். ஓராண்டு தெரிவானவர் அடுத்த அணிக்கு வழி சொன்னார். அந்தப் பிள்ளைகளின் மூளையைவிட இந்தச் சங்கிலியே பெரிய காரணம் என்று நான் கணிக்கிறேன். விதைநெல் எவ்வளவு நல்லதாயிருந்தாலும் நாற்றுமேடை இல்லாமல் என்ன செய்வது?

இனி, தெரிவு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு குழுவும் தனக்குத் தேவையான வேலைகளின் பட்டியலை வெளியிடும். விரும்பியவர் அக்குழுவினருக்குத் தன்னை அறிமுகப்படுத்தி எழுதவேண்டும், கேள்வி கேட்கவேண்டும். பல குழுக்கள் விண்ணப்பத்துக்கு முன்பே சிறிய வழு ஒன்றைத் திருத்திக் காட்டும்படி கேட்கின்றன. அதன் பிறகு, எந்த வேலையை, எந்தக் கிழமையில், எப்படிச் செய்வேன் என்று திட்டம் எழுதிக் கொடுக்கவேண்டும். வழிகாட்டிகள் அவற்றை வாசித்துத் தெரிவு செய்வர். அவர்கள் தேடுவது, முதற் கேள்வியைப் பிழையாகக் கேட்டாலும் மறுமொழியை வாசித்துவிட்டு இரண்டாவது கேள்வியைச் சரியாகக் கேட்கும் பிள்ளையை; திருத்தம் சொன்னால் கோபித்துக்கொண்டு போகாமல் மூன்று நாளில் திருத்தியதைக் கொண்டுவரும் பிள்ளையை. இந்தக் குணங்கள் எந்தப் பெறுபேற்றுத் தாளிலும் அச்சடிக்கப்படுவதில்லை.

எமது பிள்ளைகள் இடறும் இடமும் இதுதான். வகுப்பில் "விளங்குதா?" என்று கேட்டால் "ஓம் சேர்" என்று முழு வகுப்பும் சொல்லும். விளங்காதவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்வான். பெரியவரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும், ஏன், கோவிலிலும்கூட நாம் பழக்கி வைத்திருக்கிறோம். இடம்பெயர்ந்த பிள்ளைகளிடம் இது இன்னும் கூட. அதிகம் கேட்பவரை அதிகாரிகள் விரும்பமாட்டார்கள் என்பதை வரிசைகளில் நின்று கற்றுக்கொண்ட பிள்ளைகள் அவர்கள். முன்பின் தெரியாத ஒருவருக்கு, அதுவும் ஆங்கிலத்தில், எல்லோரும் பார்க்க, "எனக்கு இது விளங்கவில்லை" என்று எழுதுவது அவர்களுக்கு மலைபோன்ற காரியம். ஆங்கிலம் குறைவு என்பதைவிட இந்தக் கூச்சமே பெரிய தடை. இலக்கணப் பிழையுள்ள கேள்விகள் உலகம் முழுவதிலுமிருந்து அக்குழுக்களுக்கு வருகின்றன. அவற்றுக்கும் மறுமொழி கிடைக்கிறது.

அதே வரிசைகள் எமது பிள்ளைகளுக்கு வேறொன்றையும் கற்றுக் கொடுத்துள்ளன. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் சில நாட்களுக்குள், மேற்சொன்ன லங்கா சொவ்ட்வெயர் பவுண்டேசனைச் சேர்ந்தவர்களும் தொண்டர்களும் கூடிச் "சஹனா" என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அதன் பொருள் நிவாரணம். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, எந்த நிறுவனம் எங்கே வேலை செய்கிறது, எங்கே எது தேவை என்ற விபரங்கள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைப்பது அதன் வேலை. மறு ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. சமூக நன்மைக்கான 2006ஆம் ஆண்டின் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. கூகுள் திட்டத்தினூடாக மாணவர்கள் வந்து சேர்ந்த குழுக்களில் சஹனாவும் ஒன்று.

முகாம் பதிவு என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கும், 2007இல் முள்ளிக்குளத்தை விட்டு வந்த குடும்பங்களுக்கும், தங்கள் பெயர் எத்தனை பேரேடுகளில் எத்தனை விதமாக எழுதப்பட்டது என்பது நினைவிருக்கும். தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். படிவமோ முதற் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். ஒரே ஆளின் பெயர் கிராம அலுவலரின் பதிவில் ஒரு மாதிரியும், நிவாரண அட்டையில் வேறு மாதிரியும், கோவில் பதிவில் இன்னொரு மாதிரியும் ஆங்கிலத்தில் இருக்கும். ஒரு கூடாரத்தில் இரண்டு குடும்பம் இருந்தால் படிவத்தில் இடமில்லை. கணவன் காணாமற்போன பெண் குடும்பத் தலைவியா இல்லையா என்பதற்குக் கட்டம் இல்லை. இந்தக் குறைகள் கொழும்பிலோ கலிபோர்னியாவிலோ இருந்து எழுதும் கெட்டிக்காரருக்குத் தோன்றமாட்டா. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற பிள்ளைக்குத் தோன்றும். ஆகவே எமது பிள்ளையை இப்படிப்பட்ட வேலைக்குச் சேர்ப்பதைத் தர்மம் என்று எவரும் எண்ண வேண்டாம். அந்தக் குழுவுக்கு அவர் தேவைப்படுகிறார்.

தர்மம் என்ற எண்ணம் வழிகாட்டலையும் கெடுத்துவிடுகிறது. கூகுள் திட்டத்தில் இடையில் ஒரு மதிப்பீடு, முடிவில் ஒரு மதிப்பீடு. வேலை நடக்கவில்லையென்று வழிகாட்டி சொன்னால் பணம் நின்றுவிடும். கடுமைதான். ஆனால் அதே வழிகாட்டி வாரந்தோறும் பேசுகிறார். கேட்டதற்குத் தாமதமின்றி மறுமொழி தருகிறார். பெரிய வேலையைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுக்கிறார். மாணவர் திணறும்போது தானே செய்து முடிக்காமல் பொறுத்திருக்கிறார். எமது பயிற்சி நிலையங்களில் இதற்கு நேர்மாறு. ஆறு மாதம் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைசி நாளில் "பாவம், இடம்பெயர்ந்த பிள்ளை" என்று எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்து, மாலை போட்டு, படமும் எடுத்துக்கொள்கிறோம். அந்தச் சான்றிதழோடு வேலை கேட்டுப் போய்த் திரும்பி வந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாவம் பார்த்தலின் விலை தெரியும்.

"பாதர், இவன் இரவிரவா அந்தப் பெட்டிக்கு முன்னாலதான் இருக்கிறான். எங்கட பிள்ளையளுக்கு உதெல்லாம் சரிவருமே? கட்டார், டுபாய் எண்டு அனுப்பினாலாவது மாதம் முடியக் காசு வரும்" என்று தாய்மார் சொல்கிறார்கள். நியாயமான பயம். காணியும் இல்லை, கடனும் இருக்கிறது என்ற நிலையில் எவருக்கும் அந்த எண்ணம்தான் வரும். திறந்த மூல வேலை உடனே சோறு போடும் என்று நான் சொல்லமாட்டேன். கூகுளின் உதவித்தொகை சில மாதங்களுக்கு உரியது, மீண்டும் மீண்டும் கிடைப்பதல்ல. விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைப்பதும் இல்லை. பணத்துக்காக மட்டும் வருபவர் கோடை முடிந்ததும் போய்விடுகிறார் என்பது வழிகாட்டிகளின் பொதுவான மனக்குறை. கிடைக்காத பிள்ளைக்கும் மிஞ்சுவது ஒன்று உண்டு. எங்கே வேலை கேட்டாலும், "இதோ நான் எழுதியது, என் பெயரோடு இருக்கிறது" என்று காட்டலாம். கீரியிலிருந்து எழுதியதா கொழும்பு ஏழிலிருந்து எழுதியதா என்று அந்த வரியைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

இன்னுமொரு மாற்றம் எமக்குச் சாதகமானது. 2022இலிருந்து இத்திட்டம் பல்கலைக்கழக மாணவருக்கு மட்டும் உரியதல்ல; பதினெட்டு வயது நிரம்பிய, திறந்த மூலத்துக்குப் புதியவர் எவரும் விண்ணப்பிக்கலாம். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்கும் பின்னர் பல்கலைக்கழக அனுமதிக்குமாகப் பிள்ளைகள் காத்திருக்கும் நீண்ட மாதங்களை எண்ணிப் பாருங்கள். மன்னார் பின்தங்கிய மாவட்டமென்று சில இடங்கள் ஒதுக்கப்பட்டும், அனுமதி கிடைக்காதவர்களே அதிகம். அவர்களுக்கும் இப்போது வாசல் திறந்திருக்கிறது. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில், விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு இதே துறையில் இலவசமாகப் பயிற்சி அளித்து வருகின்றனர். பெருநகரம் அல்லாத ஊரில், கற்றவர் அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையில் நடக்கிறது அது. எமக்குப் பொருந்தும் உதாரணம் மொறட்டுவையைவிட அதுதான்.

எனவே அடுத்த முறை இப்பகுதியில் கணினி வகுப்புக்குப் பிள்ளைகளைத் தெரியும்போது பெறுபேற்றுப் பிரதியைக் கேட்காமல் விடுவோம். விரும்பி வரும் எல்லோரையும் நான்கு சனிக்கிழமை இருத்தி, சிறு வேலை ஒன்றைக் கொடுப்போம். ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்ட பட்டியல் ஒன்றைச் சரிசெய்வதாக அது இருக்கட்டும். நான்காவது சனிக்கிழமையும் வருபவர் யார், கேள்வியோடு வருபவர் யார், பக்கத்திலுள்ள பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பவர் யார் என்று பார்ப்போம். பெண்பிள்ளைகள் இருட்டுமுன் வீடு திரும்பக் கூடியதாக நேரம் வைப்போம்; இல்லாவிட்டால் நல்ல பாதியை முதல் நாளே இழந்துவிடுவோம். வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் கணினி படிக்கும் எமது மாவட்டப் பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள். அவர்களில் இரண்டு பேர் மாதம் ஒருமுறை வந்தாலே சங்கிலியின் முதல் வளையம் கிடைத்துவிடும். சிபாரிசுக் கடிதத்தைப் பொறுத்தவரை, நான் இனி எழுதப்போவதில்லை என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

வேலைகளின் பட்டியல் பெப்ரவரி முடிவில் வெளிவருகிறது. விண்ணப்பம் மார்ச், ஏப்ரலில். எமக்கு அது காலபோக அறுவடைக் காலம். பிறர் வயலில் கூலிக்குப் போகும் குடும்பங்களில் ஒவ்வொரு கையும் அப்போது தேவை. ஆகவே ஆயத்தத்தை விதைப்பு முடிந்த கையோடு, மழை மாதங்களில் தொடங்கவேண்டும். அறுவடை நாட்களில் அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் மாலையில் இரண்டு மணித்தியாலம் விட்டுக்கொடுக்க முடியுமா என்று வீட்டில் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.